தலைக்கு மேலே ஒரு மணி. தரையிலே எத்தனை மணி?

திருவெண்ணெய்நல்லூர்க் கடைவீதியில் தேநீர்க் கடை பெஞ்சில் தோழர்கள் சிலருடன் அமர்ந்திருந்தோம். கட்டட வேலைக்குச் செல்பவர் ஒருவர். கரும்பு வெட்டுபவர் ஒருவர். மூட்டை தூக்கி முதுகு காய்த்தவர் ஒருவர். பேச்சு எங்கெங்கோ சென்று கொண்டிருந்தது. அப்போது வானத்திலே ஓர் இரைச்சல். எல்லோரும் தலையை உயர்த்தினோம். வெயிலிலே வெள்ளிக் கம்பிபோல் மின்னிக்கொண்டு தென்மேற்கு நோக்கி ஒரு விமானம் போயிற்று.

"மெட்ராஸ்லேருந்து திருச்சிக்குப் போவுதுண்ணே. ஒரே ஒரு மணி நேரந்தானாம்!" என்றார், வயதில் இளையவர்.

மூட்டை தூக்கும் பெரியவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு மணி நேரமா? நேத்து நான் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர ஒரு பொழுதே போயிடுச்சேப்பா!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. விழுப்புரம் இருபது கிலோமீட்டர் தொலைவு. போய்வர ஒரு பொழுது. திருச்சி அதற்கு எட்டு மடங்கு தொலைவு. சென்னையிலிருந்து அங்கே போக ஒரு மணி நேரம்! ஒரே நாடு, ஒரே நாள், ஒரே வானம். ஆனால் மேலே பறப்பவனுக்கு ஒரு கடிகாரம், கீழே நடப்பவனுக்கு வேறொரு கடிகாரமா? அந்த 'ஒரு மணி நேரம்' யாருடைய ஒரு மணி நேரம்? இதைத்தான் இன்று தோழர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 294 கிலோமீட்டர். எப்படி அளக்கிறார்கள்? பூமி உருண்டை. அந்த உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை வைத்து, அவற்றை மிகக் குறுகிய கோட்டால் இணைத்தால் வருவது வான்வழித் தொலைவு. ஆறு குறுக்கிடாது, ஏரி குறுக்கிடாது, ஊர் குறுக்கிடாது. வளைவு நெளிவு கிடையாது. அதே சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே, எழும்பூரிலிருந்து விழுப்புரம், விருத்தாசலம் வழியாகச் செல்லும் இருப்புப் பாதையின் நீளம் 337 கிலோமீட்டர். தரை வழிக்கும் வான் வழிக்கும் வேற்றுமை நாற்பது கிலோமீட்டர் சொச்சந்தான்!

தோழர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் தமிழ்நாட்டு வரைபடத்தையும் அடிக்கோலையும் வாங்கிக் கொள்ளுங்கள். மீனம்பாக்கத்தில் ஒரு புள்ளி, திருச்சியில் ஒரு புள்ளி வைத்து நேர்கோடு இழுங்கள். அந்தக் கோடு எந்த ஊர்களின்மேல் போகிறது என்று பாருங்கள். திண்டிவனத்தை உரசிக்கொண்டு போகும். விழுப்புரத்தின் தலைமேலே போகும். பாதி வழி வந்ததும் சில கிலோமீட்டர் அருகிலே தென்படுவது எது தெரியுமா? நம் திருவெண்ணெய்நல்லூர்தான்! காற்றையும் மழைமேகத்தையும் கட்டுப்பாட்டு நிலையத்தின் உத்தரவையும் பொறுத்து விமானம் இந்தக் கோட்டைவிட்டு அப்படியும் இப்படியும் விலகுவதுண்டு. ஆனாலும் சென்னைக்கும் திருச்சிக்கும் நட்டநடுவே நிற்கிற ஊர் நம் ஊர். விமானம் தரையைவிட்டுக் கிளம்பிய இருபது இருபத்தைந்து நிமிடத்தில் நம் தலைக்கு மேலே வந்துவிடுகிறது.

இது நேற்று முளைத்த பாதையும் அன்று. 1932ஆம் ஆண்டு அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு சிறு விமானம் ஓட்டி வந்தார். அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 1938இல் அந்தத் தபால் பாதை சென்னை, திருச்சி வழியாகக் கொழும்புவரை நீண்டது. நம்முடைய பாட்டன்மார் களத்துமேட்டில் நின்று, நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்த காலம் அது. பேரன் இன்றும் அண்ணாந்துதான் பார்க்கிறான். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கழுத்து வலி தீரவில்லை!

சரி, 294 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஏன்? இந்தத் தடத்தில் ஓடும் சுழல்விசிறி விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வல்லது. அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் முப்பத்தைந்து நிமிடத்தில் திருச்சி வந்துவிட வேண்டும். கால அட்டவணையோ ஒரு மணி அளவு காட்டுகிறது. காரணம் இருக்கிறது. நிற்குமிடத்திலிருந்து சக்கரம் உருளத் தொடங்கியது முதல், மறு நிலையத்தில் சக்கரம் ஓய்ந்து நிற்கும் வரையிலான நேரத்தையே அவர்கள் பயண நேரமாகக் குறிக்கிறார்கள். ஓடுபாதையின் தலைப்புக்கு மெல்ல ஊர்ந்து போக வேண்டும். முன்னே நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை வரிசையில் காத்திருக்க வேண்டும். காற்று வீசும் திசைக்கு எதிர்முகமாக எழும்ப வேண்டும். எதிர்முகமாகவே இறங்க வேண்டும். ஆகையால், போகவேண்டிய ஊர் ஒரு பக்கம் இருக்க, ஓடுபாதை வேறு பக்கம் பார்த்துக் கிடந்தால் வட்டமடித்துத்தான் வர வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் வராது. இவ்வளவும் சேர்ந்துதான் முப்பத்தைந்து நிமிடம் ஒரு மணி ஆகிறது.

பார்த்தீர்களா தோழர்களே! வானத்தில் பறக்கும் இயந்திரத்துக்கே, பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு. அந்த இயந்திரம் தரையில் ஊர்ந்த நேரத்தையும், வரிசையில் நின்ற நேரத்தையும் ஒழுங்காகக் கணக்கில் சேர்க்கிறார்கள். மனிதன் தரையில் ஊர்ந்த நேரத்தை மட்டும் எவரும் சேர்ப்பதில்லை!

சேர்த்துப் பார்ப்போமா? சென்னை நகருக்குள்ளே ஒருவர் இருக்கிறார். கையிலே காசும் இருக்கிறது. வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரம். விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே பயணச்சீட்டு, மூட்டை முடிச்சுப் பார்க்கும் சாளரத்தைப் பொதுவாக மூடிவிடுகிறார்கள். அதற்கு முன்னே போய் நிற்க வேண்டும். ஆகவே இன்னும் ஒன்றரை மணி நேரம். பறக்க ஒரு மணி. திருச்சியில் இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வந்து நகருக்குள் போக முக்கால் மணி. மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு மேல்! இதே மனிதர் எழும்பூரில் வந்தே பாரத் ரயிலில் ஏறினாலும் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் திருச்சி சந்திப்பில் இறங்கிவிடுகிறார். வேகத்துக்குப் பேர் போன விமானமும், தரையிலே ஓடும் ரயிலும் சரிநிகர் சமானமாக வந்து நிற்கின்றன.

இந்த இடத்தில் நம் ஊரில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் கூறும் கதை அது. சுந்தரருக்குத் திருமணம் நடக்கும் வேளையில் முதியவர் ஒருவர் குறுக்கே வந்து, "இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்து எறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு வருகிறது. முதியவர் அலட்டிக்கொள்ளவில்லை. "கிழித்தது படி ஓலை, மூல ஓலை இதோ" என்று எடுத்து நீட்டுகிறார். அவையோர் கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள், தீர்ப்புச் சொல்கிறார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் வழக்கு நடந்த முறை இருக்கிறதே, அது கவனிக்கத்தக்கது. படி ஓலையைக் கண்டு முடிவு கட்டாதே. மூல ஓலையைக் கேள்! இதுவே இந்த ஊர் அவை நாட்டுக்குக் காட்டிய நெறி.

விமானச் சீட்டிலே அச்சடித்திருக்கும் 'ஒரு மணி நேரம்' படி ஓலை. வீட்டு வாசலில் செருப்பை மாட்டியதிலிருந்து, போகவேண்டிய வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்வரை ஆகும் நேரம் இருக்கிறதே, அதுதான் மூல ஓலை. ஆட்சியில் இருப்போர், எந்தக் கட்சியாக இருந்தாலும், எந்த ஆட்சியாக இருந்தாலும், நமக்குக் காட்டுவது படி ஓலையை. நாம் கேட்க வேண்டியது மூல ஓலையை.

இனி, நடுவழியில் இருக்கும் நம்மவனின் மூல ஓலையைப் படித்துப் பார்ப்போம். உள்நாட்டு விமானத்தில் திருச்சிக்குப் போக வேண்டிய தேவை நம்மவனுக்கு இல்லை. ஆனால் விமான நிலையமே வேண்டாதவனும் அல்லன் அவன். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கூலி தேடிப் போகிறவர்கள் விழுப்புரம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். பறக்க நான்கு மணி நேரம் சொச்சம். திருச்சியிலிருந்து சென்றாலும் தொலைவில் பெரிய வேற்றுமை இல்லை. இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே இருக்கிறோம் என்றால், இரண்டும் நமக்கு அண்மை என்று எண்ணத் தோன்றும். உண்மை என்னவென்றால், இரண்டும் நமக்கு ஒரே அளவு தொலைவு!

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து பேருந்து பிடித்து விழுப்புரம் வர முக்கால் மணி முதல் ஒரு மணி. அங்கே ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு தாம்பரம் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்கினால் எதிரிலே விமான நிலையம். திரிசூலம் நிலையம் ஏழைக்குக் கிடைத்த ஒரு நல்ல வசதி. அதைப் பாராட்டவே செய்கிறோம். பேருந்திலே சென்றாலோ, 2023 டிசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு தென்மாவட்டத்துப் பேருந்துகள் அங்கே நிற்கின்றன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பேருந்து ஏற வேண்டும். எப்படிப் போனாலும் நான்கைந்து மணி நேரம். வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். ஆக, கடல் கடக்க நான்கு மணி நேரம். கடலோரம் போய்ச் சேர எட்டு மணி நேரம்!

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். சிங்கப்பூரில் சாரம் கட்டும் வேலையிலே இருந்தார். ஊரில் தகப்பனார் மறைந்தார் என்று செய்தி போயிற்று. கையிலிருந்த காசோடு கடன் வாங்கிச் சேர்த்து, அன்றிரவே விமானம் ஏறினார். நான்கு மணி நேரத்தில் கடலைத் தாண்டிவிட்டார். மீனம்பாக்கத்தில் இறங்கியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் மின்சார ரயில் ஓடாது. வாடகைக் காருக்குக் கேட்ட தொகை அவர் கையில் இல்லை. சீட்டுக்கே எல்லாம் போய்விட்டது. விடியும்வரை நிலைய வாசலில் குந்தியிருந்தார். முதல் மின்சார ரயில், பிறகு வண்டி, பிறகு பேருந்து. ஊர் எல்லையில் இறங்கியபோது உச்சி வெயில். சொந்தக்காரர்கள் எவ்வளவு நேரந்தான் வைத்திருப்பார்கள்? சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள் வழியில் அவரைப் பார்த்தார்கள்.

ஏறத்தாழ 2,900 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடந்தவர், கடைசி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரைக் கடக்கப் பத்து மணி நேரமாயிற்று. தகப்பன் முகத்தை அவருக்கு மறைத்தது கடல் அன்று. மீனம்பாக்கத்துக்கும் திருவெண்ணெய்நல்லூருக்கும் இடையே இருந்த தரை! அதனால்தான் சொல்கிறோம், பயண நேரம் என்பது வெறும் கணக்கு அன்று. அதிலே கண்ணீர் இருக்கிறது, கூலி இருக்கிறது, மானம் இருக்கிறது.

இன்னும் ஒரு கணக்கு. 2024ஆம் ஆண்டு முழுதும் இந்தியாவுக்குள்ளே விமானத்தில் நடந்த பயணங்கள் 16 கோடி அளவு. 2023-24இல் ரயிலில் நடந்த பயணங்கள் 690 கோடியை ஒட்டி இருந்தன. நாளொன்றுக்குச் சுமார் 1.9 கோடி. அதாவது, விமானங்கள் எல்லாம் சேர்ந்து ஓராண்டு முழுதும் ஏற்றி இறக்கியவர்களை ரயில் ஒன்பது நாளுக்குள் ஏற்றி இறக்கிவிடுகிறது. நாட்டின் கால் எது, நாட்டின் சிறகு எது என்று இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது. சிறகு வேண்டாம் என்று சொல்லவில்லை. காலில் முள் தைத்திருக்கும்போது சிறகுக்கு மட்டும் சாயம் பூசலாமா என்றுதான் கேட்கிறோம்.

'சாமானியனும் பறக்கலாம்' என்ற முழக்கத்தோடு 2016இல் உடான் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் முதல் விமானம் சிம்லாவிலிருந்து தில்லிக்குப் பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு, திட்டத்தில் ஒதுக்கிய இருக்கைகளுக்கு 2,500 ரூபாய் உச்ச வரம்பு என்றார்கள். கம்பெனிகளுக்கு ஏற்படும் நட்டத்தை ஈடுகட்ட ஒரு நிதி. அதிலே பொதுவாக மாநிலங்களின் பங்கு 20 சதவீதம். விமான எரிபொருள் வரியையும் இத்தகைய நிலையங்களில் மாநிலங்கள் ஒரு சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கென அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்தச் 'சலுகை' சீட்டை வாங்க ஒரு தொழிலாளி ஏழு நாள் மண் சுமக்க வேண்டும். எட்டாம் நாளும் பாதி சுமக்க வேண்டும். ஒரு மணி நேரம் மிச்சம் பிடிக்க ஏழரை நாள் உழைப்பு! இதைச் சிக்கனம் என்பதா? சென்னை - திருச்சித் தடத்துக்கு அந்த உச்ச வரம்பும் இல்லை, சந்தை விலைதான். திருவிழாக் காலத்தில் அந்த விலை எப்படி ஏறும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு அருகிலே இருக்கும் புதுச்சேரி விமான நிலையத்தைப் பாருங்கள். 2017 ஆகஸ்டில் ஐதராபாத்துக்கு விமானம் விட்டார்கள். 2024 மார்ச்சில் விமானப் போக்குவரத்து நின்றது. டிசம்பரில் வேறொரு நிறுவனம் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மறுபடி தொடங்கிற்று. இலாபம் இருந்தால் பறக்கும், இல்லையேல் நிற்கும். 1953இல் விமானப் போக்குவரத்தை நாட்டுடைமை ஆக்கியபோது சொன்ன காரணங்கள் வேறு. 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவைத் தனியாரிடம் ஒப்படைத்தபோது சொன்ன காரணங்கள் வேறு. நடுவிலே மாறாமல் இருப்பது ஒன்று உண்டு. நட்டம் வந்தால் பொதுப் பணம், இலாபம் வந்தால் தனிப் பை!

இனி, தரையிலே நம் பங்குக்கு என்ன நடந்தது? 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காலத்தில் சாதாரணப் பயணிகள் ரயில்கள் நின்றன. மறுபடி ஓடியபோது 'விரைவு சிறப்பு வண்டி' என்ற புதுப் பெயர் சூட்டிக்கொண்டு வந்தன. வேகம் பழைய வேகந்தான். கட்டணம் மட்டும் விரைவு! பத்து ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் முப்பது ரூபாய் ஆயிற்று. 2024 பிப்ரவரி கடைசியில்தான் மறுபடி பத்து ரூபாய்க்கு இறங்கியது. அத்தனை காலமும் நிலையத்துக்கு நிலையம் நின்று போகும் வண்டியில் கூலிக்காரன் மும்மடங்கு கொடுத்துப் போனான். விமானக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு வகுக்கத் தெரிந்தவர்களுக்கு, பத்து ரூபாய்ச் சீட்டைக் காப்பாற்ற நான்காண்டு தேவைப்பட்டதே, ஏன்?

விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் போகும் பாதையிலே 'திருவெண்ணெய்நல்லூர் ரோடு' என்று ஒரு நிலையம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து வழக்கப்படி, ஊருக்குள் வராமல் ஊருக்குப் போகும் சாலையில் நிற்கும் நிலையத்துக்கு 'ரோடு' என்று பெயர் வைப்பார்கள். பெயரிலேயே உண்மை இருக்கிறது: "இது ஊர் அன்று, ஊருக்குப் போகும் வழி, மீதி வழிக்கு நீயே பொறுப்பு!" 2023 செப்டம்பர் 24 முதல் திருநெல்வேலி - சென்னை வந்தே பாரத் இந்த நிலையத்தைத் தாண்டிப் போகிறது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும் அந்த வண்டியைப் பிளாட்பாரத்தில் நின்று பார்க்கிறான் நம்மவன். மேலே விமானம், பக்கத்தில் வந்தே பாரத். இரண்டும் நம் ஊர் வழியாகப் போகின்றன. நம் ஊருக்கு வரவில்லை.

திண்டிவனத்தைப் பாருங்கள். திண்டிவனம் - நகரி புதிய ரயில் பாதையும், செஞ்சி வழியாகத் திண்டிவனம் - திருவண்ணாமலை புதிய பாதையும் 2006-07இல் அனுமதி பெற்றவை. பெயர் எழுதிய பலகையின் வண்ணமே உதிர்ந்துபோகும் அளவுக்கு ஆண்டுகள் உருண்டன. அந்த ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு ஓட்டுரிமையே வந்துவிட்டது, ரயில் வரவில்லை! திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பாதை 70 கிலோமீட்டர் அளவு. நம் தலைக்கு மேலே பறக்கும் விமானம் அத்தனை தூரத்தை எட்டரை நிமிடத்தில் கடந்துவிடும். எட்டரை நிமிடத் தொலைவுக்கு எத்தனை ஆண்டுகள்? இந்தக் கணக்கை எந்தக் கால அட்டவணையில் போடுவது?

"அப்படியானால் விமானமே வேண்டாம் என்கிறீர்களா? முன்னேற்றத்துக்கு எதிரிகளா நீங்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்குத் தெளிவாகவே சொல்கிறோம். விமானம் வேண்டும். மாற்று உறுப்புக்குக் காத்திருக்கும் நோயாளிக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர். வெள்ளத்தில் துண்டிக்கப்பட்ட ஊருக்கு வானமே வழி. கடல் கடந்து உழைக்கப் போகிறவனுக்கும் அதுவே வாகனம். 2024 ஜனவரி 2ஆம் நாள் திருச்சியில் புதிய முனையம் திறக்கப்பட்டதில் நமக்கு மகிழ்ச்சியே. அறிவியல் தந்த சிறகை வெட்டச் சொல்லும் பிற்போக்குக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லோம். சிறகின் பயன் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் நாம்.

விமான நிலையத்தை மேலும் மேலும் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் தவறு. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். நிலத்தையும் ஏரியையும் பற்றி அந்த ஊர் மக்கள் எழுப்பும் கேள்விகள் ஒரு பக்கம் இருக்கட்டும். பயண நேரத்தை மட்டும் பார்த்தால்கூட, நகரிலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தள்ளி நிலையம் அமையும்போது, வானத்து நேரம் அப்படியே இருக்கும். தரையிலே நேரம் கூடும். அதற்கான ரயிலும் சாலையும் முதலில் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் பறக்க மூன்று மணி நேரம் உருள வேண்டியதுதான்.

ஆகவே நாம் கேட்பது என்ன?

ஒன்று: புதிய விமானமோ, புதிய விரைவு ரயிலோ, புதிய முனையமோ அறிவிக்கும்போது, இரண்டு நிலையங்களுக்கு இடையே எத்தனை மணி என்பதோடு நில்லாமல், சுற்றியுள்ள வட்டங்களிலிருந்து வாசலுக்கு வாசல் எத்தனை மணி ஆகும் என்பதையும் அரசு கணக்கிட்டு மக்கள்முன் வைக்க வேண்டும்.

இரண்டு: சென்னை, திருச்சி விமான நிலையங்களில் வெளிநாட்டு விமானங்கள் வந்திறங்கும் நள்ளிரவு, விடியற்கால வேளைகளில், விழுப்புரம், திண்டிவனம், உளுந்தூர்ப்பேட்டை வழியாக அரசுப் பேருந்து நேரடியாக ஓட வேண்டும். அது அரசால் ஆகாத காரியம் அன்று. பேருந்தும் இருக்கிறது, சாலையும் இருக்கிறது, மனம் வேண்டும்.

மூன்று: நிலையத்துக்கு நிலையம் நின்று போகும் பயணிகள் ரயில்கள் பத்து ரூபாய்க் குறைந்த கட்டணத்தோடு, வேலைக்குப் போகும் நேரத்துக்கும் திரும்பும் நேரத்துக்கும் பொருந்த ஓட வேண்டும். 'ரோடு' என்று பெயர் தாங்கிய நிலையங்களிலிருந்து ஊருக்குள் போக, ரயில் நேரத்தோடு இணைந்த சிற்றுந்து வேண்டும்.

நான்கு: 2006-07இல் அனுமதித்த திண்டிவனம் பாதைகளுக்குப் பணம் ஒதுக்கி, முடிக்கும் நாளையும் குறித்துச் சொல்ல வேண்டும். நாள் குறிக்காத திருமணத்துக்குப் பந்தல் எதற்கு?

தோழர்களே, இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. ஒரு முனையக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவருக்கு ஆகும் செலவை நினைத்தால் பேருந்துக் கோரிக்கை மிகச் சிறிது. ஆனால் கேட்காமல் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு கிளையும் ஒரு வேலை செய்யட்டும். உங்கள் ஊரில் வெளியூர் வேலைக்கும், மருத்துவமனைக்கும், கல்லூரிக்கும் போகிறவர்களிடம் கேளுங்கள்: வீட்டைவிட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? எத்தனை வண்டி மாறினீர்கள்? எங்கே எவ்வளவு நேரம் நின்றீர்கள்? என்ன செலவாயிற்று? ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். கிராம சபையில் படியுங்கள். தீர்மானமாக நிறைவேற்றுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கொடுங்கள். நம் கட்சிக்காரராக இருந்தால் முதலில் அவரிடமே கொடுங்கள். அந்த நோட்டுப் புத்தகந்தான் நம்முடைய மூல ஓலை. அதை எவராலும் கிழிக்க முடியாது.

அன்று தேநீர்க் கடையிலிருந்து எழுந்தபோது, கூட இருந்த இளைஞர் கேட்டார்: "ஏண்ணே, அந்த ஏரோப்ளேன் இதுக்குள்ள திருச்சியில எறங்கியிருக்கும் இல்ல?"

"எறங்கியிருக்கும் தம்பி" என்றார் பெரியவர், சாலையைப் பார்த்தபடி. "நம்ம பஸ்ஸுதான் இன்னும் வரல."

அந்தப் பேருந்து வருகிற நாளைக்குத்தான் நாம் உழைக்கிறோம்.